அழகுக்கு வளர்க்கும் ஒரு பருவப் புற்கள்: வாசகர் கேள்வியும் பதிலும்

அருகம்புல் தரையும் பூச்செடிப் பாத்தியும் போக, கதிரின் அழகுக்காகவும் இலையின் நிறத்துக்காகவும் புல் வளர்ப்பது குறித்து இந்த மாதம் நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்துள்ளன. விதைத்த பருவத்திலேயே கதிர் விட்டு, மணி முற்றி, காய்ந்து முடியும் புற்களைப் பற்றியவையே அவற்றுள் மிகுதி. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: இணையத்தில் ‘ஓராண்டு அழகுப் புல்’ என்று விற்ற இரண்டு விதை உறைகளை வாங்கினேன். ஒன்று முயல்வால் போல வெண்மையான கதிர் விடும் லாகுரஸ். மற்றொன்று சிறு மணிகள் தொங்கி ஆடும் பிரைசா. பங்குனியில் தொட்டியில் விதைத்தேன். லாகுரஸ் ஒன்றுகூட முளைக்கவில்லை. பிரைசா நான்கைந்து முளைத்து, இலை நுனி கருகிப் போய்விட்டன. விதை பழையதா, பராமரிப்பில் குறையா?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: விதையையும் குறை சொல்ல வேண்டாம், பராமரிப்பையும் குறை சொல்ல வேண்டாம், பருவம்தான் பொருந்தவில்லை. இவ்விரண்டும் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் புற்கள். அங்கே கோடையில் மழை இராது. குளிர்காலத்துக்கு முன் பெய்யும் மழையில் முளைத்து, குளிர் முழுவதும் தரையோடு தரையாக வளர்ந்து, வசந்தத்தில் கதிர் விட்டு, வெயில் கடுமையாகும் முன்பே விதையை உதிர்த்துவிட்டுக் காய்வது அவற்றின் வழக்கம். மண் குளிர்ந்திருக்கும்போது முளைக்கும் அத்தகைய விதைகளை நம் பங்குனி வெயிலில், அதுவும் பகலெல்லாம் சுட்டுக்கிடக்கும் சிமெண்டுத் தொட்டியில் இட்டால், அவை முளைக்காமல் போவதே இயல்பு. உறையின் பின்புறத்தில் ‘மார்ச், ஏப்ரல்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது பனி உருகி மண் இளகும் நாடுகளுக்காக எழுதிய மாதக் கணக்கு. நமக்கு அதே மாதங்களில்தான் கிணற்று நீர் கீழே போகத் தொடங்குகிறது.

உறையில் விதை மீதி இருந்தால், கார்த்திகைக் கடைசியில், காலை வெயில் மட்டும் விழும் இடத்தில், நீர் நன்றாக வடியும் மணற்பாங்கான கலவையில் விதைத்துப் பாருங்கள். ஆனால், மார்கழியிலும் நம் சமவெளியின் இரவுகள் அந்தப் புற்களுக்குப் போதுமான குளிர்ச்சியைத் தருவதில்லை என்பதால், படத்தில் கண்ட அடர்த்தியை எதிர்பார்க்க வேண்டாம். கொடைக்கானலிலோ ஊட்டியிலோ உறவினர் இருந்தால் அவர்களிடம் அந்த உறையைக் கொடுத்துவிடுவதே விதைக்கு நாம் செய்யும் நியாயம்.

தங்களுக்கு வேண்டியது அந்தத் தோற்றம்தான் என்றால், அதற்கு இணையானவை நம் புன்செய் நிலங்களிலேயே இருக்கின்றன. பிரைசாவின் தொங்கி ஆடும் கதிருக்குப் பதிலாகச் சாமையையோ பனிவரகையோ வளர்க்கலாம். சாமைக் கதிர் மெல்லிய கிளைகளாகப் பிரிந்து, மணி ஏற ஏற வளைந்து, சிறு காற்றுக்கும் அசையும். பத்துப் பதினைந்து செடிகள் சேர்ந்து நிற்கும்போது அதன் அழகு எந்த அயல்நாட்டு உறையிலுள்ள புல்லுக்கும் குறைந்ததன்று. லாகுரஸின் மென்மையான கதிருக்குத் தினை ஓரளவு ஈடு செய்யும். நெடிய, கம்பீரமான தோற்றத்துக்குக் கம்பும் சோளமும் உண்டு. இவற்றை உணவுப் பயிராகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை அழகுச் செடிகளாகத் தோன்றுவதற்குச் சற்று நாள் பிடிக்கலாம். ஆனால் மேலைநாட்டுத் தோட்டக்காரர்கள் ஒரு பருவ அழகுப் புற்கள் என்று போற்றி விதைப்பவற்றில் கம்பும் தினையும் சோளமும் பனிவரகும் அடங்கும்.

கேள்வி: எங்களுடையது கரிசல் மண். வீட்டு முன்புறம் மதிலை ஒட்டி நீளமான பாத்தி ஒன்று சும்மா கிடக்கிறது. தினையை அழகுக்காக வளர்க்க விரும்புகிறேன். கடையில் வாங்கிய தினையைத் தூவியதில் எதுவும் முளைக்கவில்லை. எப்போது, எப்படி விதைப்பது?
வாசகர், சங்கரன்கோவில்

பதில்: தாங்கள் தூவியது தினை அரிசியாக இருக்கும். மளிகைக் கடையில் கிடைப்பது உமி நீக்கியது; உமியோடு முளைக்கருவும் சிதைந்துவிடுவதால் அது முளைப்பதில்லை. சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். உமி நீக்காத விதையாகக் கேட்டு வாங்க வேண்டும். கம்புக்கும் சோளத்துக்கும் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றின் மணி இயல்பாகவே உமியை விட்டுப் பிரிவதால், தீட்டாத மணியாக இருந்தால் கடைச் சரக்கும் பெரும்பாலும் முளைக்கும். விதைக்கு அருகிலுள்ள விவசாயிகளைக் கேட்கலாம். இல்லையேல் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலோ விசாரிக்கலாம். கோவில்பட்டி நிலையம் 1901 முதல் மானாவாரிக் கரிசலுக்கென்றே உழைத்துவரும் இடம் என்பதால், தங்கள் மண்ணைப் பற்றி அங்கே எடுத்துச் சொல்ல வேண்டியிராது.

கரிசலில் விதைப்பதற்குப் புரட்டாசிக் கடைசி முதல் ஐப்பசி நடு வரை ஏற்ற காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி மண் ஒருமுறை நனைந்து, நடந்தால் காலில் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு விதைக்கவும். ஈரக் கரிசலில் இறங்கி மிதித்தால் மண் இறுகி, காய்ந்ததும் ஓடு கட்டி, தினையின் மெல்லிய முளை அதைத் துளைத்துக்கொண்டு வர இயலாமல் போகும். அதனால் பாத்தியை நான்கு அங்குலமாவது உயர்த்தி, நன்றாக மட்கிய தொழு உரத்தையும் சிறிது ஆற்று மணலையும் மேல் மண்ணில் கலந்துவிடுவது நல்லது. மேட்டுப்பாத்தி வேறொரு வகையிலும் உதவும். 2023 டிசம்பரில் 17, 18 தேதிகளில் பெய்த மழை அளவுக்கு இல்லாவிட்டாலும், கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்தாலே கரிசலில் நீர் நின்றுவிடும். தினை நின்ற நீரைத் தாங்காது.

தினை விதை மிகச் சிறியது. ஒரு கிராமில் 300 விதைக்கு மேல் இருக்கும். ஆகவே ஒரு பங்கு விதைக்கு நாலைந்து பங்கு உலர்ந்த மணல் கலந்து, ஓர் அடி இடைவெளியில் கோடு கிழித்து, கோட்டில் தூவி, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் மண் மூடவும். வீசி விதைக்க வேண்டாம். மழையோடு முளைக்கும் களைப்புற்களில் சில இளம் பருவத்தில் தினையைப் போலவே இருக்கும். கோட்டில் நிற்பது தினை, கோட்டுக்கு வெளியே நிற்பது களை என்று கண்டுகொள்வதற்கு வரிசை விதைப்பைத் தவிர வேறு வழி இல்லை. விதைத்த அன்றிலிருந்து எறும்பைக் கவனிக்கவும். வரிசை கட்டி வந்து ஒரே இரவில் பாத்தியைக் காலி செய்துவிடும். பாத்தியைச் சுற்றிச் சாம்பலைத் தூவி வைப்பது ஓரளவு தடுக்கும். மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும்.

முளை வந்த இரண்டு வாரத்தில் கலைத்துவிட்டு, செடிக்குச் செடி அரை அடி விடவும். கோயில் கொடைக்கு முளைப்பாரி போட்டுப் பழகிய வீடுகளில், செழித்து நிற்கும் நாற்றைப் பிடுங்கக் கை வராது என்பதை அறிவோம். ஆனால் முளைப்பாரி சில நாளில் கரைக்கப்படுவது. அங்கே நெருக்கம்தான் அழகு. கதிர் காண வேண்டிய பாத்தியில் நெருக்கம் இருந்தால் தண்டு மெலிந்து, சுண்டுவிரல் நீளத்தில் கதிர் விட்டு முடிந்துவிடும்.

எண்பது, தொண்ணூறு நாளில் தினை முற்றிவிடும். அதில் பார்த்து மகிழ வேண்டிய காலம் கடைசி ஒரு மாதம்தான். பச்சையாக நிமிர்ந்து வரும் கதிர் மணி ஏறியதும் கழுத்தில் வளையும். ரகத்துக்கேற்ப மஞ்சளாகவோ செம்மையாகவோ மாறும். கதிரெங்கும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய முட்களில் மார்கழிக் காலையின் பனித்துளிகள் ஏறி நிற்கும்போது, கிழக்கு வெயிலை எதிரே வைத்துப் பாருங்கள். அந்த முட்கள் மணியோடு சேர்ந்தவை அல்ல, வளராமல் நின்றுபோன சிறு கிளைகள் என்பதால், மணியைக் குருவி தின்ற பிறகும் காம்பிலேயே தங்கியிருக்கும். மதில் ஓரத்துக் கொழுக்கட்டைப் புல்லை விரலால் உருவினால் மயிர்க்கற்றையும் விதையுமாகச் சேர்ந்தே கையோடு வந்துவிடும். தினையில் அப்படி வராது. வெறும் கதிரும் சில வாரம் அழகாக நிற்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து தினைக் கதிரைக் குதறிவிடுகின்றன. வலை போடலாமா?
வாசகி, சேரன்மகாதேவி

பதில்: தானியத்துக்காக வளர்த்தால் போடலாம். அழகுக்காக வளர்த்தால் வேண்டாம். வலைக்குள் இருக்கும் கதிரை யார் பார்ப்பது? அதோடு, மெல்லிய நைலான் வலையில் குருவிகளின் கால் சிக்கி இறப்பதும் உண்டு. வள்ளியே பரண் ஏறிக் காவல் காத்த பயிர் இது. குருவி வருவது புதிதன்று. சாடிக்கு வேண்டிய கதிர்களை மட்டும் முற்றுவதற்கு முன் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை அவற்றுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: கருஞ்சிவப்பு இலையுள்ள அழகுக் கம்பை ஆனியில் நட்டேன். ஆடிக் காற்றில் எல்லாம் சாய்ந்துவிட்டன. மரத்தடியில் வைத்த சில செடிகள் சாயவில்லை, ஆனால் பச்சையாகவே இருக்கின்றன. உரம் போதவில்லையா?
வாசகர், பணகுடி

பதில்: உரம் கூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். முதலில் நிறத்தைப் பார்ப்போம். இந்த வகைக் கம்பின் நாற்று பச்சையாகத்தான் முளைக்கும். நேரடி வெயில் படப்பட இலையில் செந்நீல நிறமி கூடி, ஒரு மாதத்துக்குள் நடுநரம்பிலிருந்து தொடங்கி இலை முழுவதும் கருஞ்சிவப்பாகும். நிழலில் வைத்தால் அந்த நிறமி சேராது; எவ்வளவு உரம் இட்டாலும் பச்சையாகவே நிற்கும். ஆகவே மரத்தடிச் செடிகளுக்கு நோய் எதுவும் இல்லை, வெயில்தான் இல்லை.

இந்த வகைகளுள் முதலில் புகழ் பெற்றது ‘பர்ப்பிள் மெஜஸ்டி’ என்னும் வீரிய ஒட்டு ரகம். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவாகி, அந்நாட்டின் புதிய தோட்ட ரகங்களுக்கு அளிக்கப்படும் தங்கப் பதக்கத்தை 2003ஆம் ஆண்டு பெற்றது. நாலைந்து அடி உயரம் வளர்ந்து, ஓர் அடிக்கும் மேல் நீண்ட கருநிறக் கதிரை விடும். ஆப்பிரிக்காவின் சகேல் வறள்நிலத்தில் பிறந்து, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து நம் கூழ்ப்பானைக்குள் இடம்பிடித்த அதே கம்புதான் அங்கே அலங்காரச் செடியாகித் திரும்பி வந்திருக்கிறது.

இனி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி முதல் ஆவணி வரை இறங்கும் காற்றை நம்பித்தான் தங்கள் ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. நாலடி உயரப் புல்லை அந்த மாதங்களில் வெட்டவெளியில் நிறுத்துவது வீண். பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கத்தில் இருப்பவர்கள் ஐப்பசியில் ஒருமுறையும், தண்ணீர் வசதி இருந்தால் தையில் ஒருமுறையும் விதைப்பது நல்லது. கம்பு குறும்பகல் பயிர். பகல் குறைந்த மாதங்களில் வளர்ந்தால் விரைவில் கதிர் விடும், உயரமும் சற்றுக் குறையும். காற்றுள்ள ஊருக்கு அது நன்மையே.

சாய்வதற்கு இன்னொரு காரணம் தழைச்சத்து. யூரியாவைக் கையால் அள்ளிப் போட்டால் இலை கொழுக்கும், தண்டு நீரேறி வலுவிழக்கும். நடும்போது இட்ட தொழு உரமே அழகுக் கம்புக்குப் போதும். இலை வெளிறினால் மட்டும் சிறிது கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றலாம். தனித்தனிச் செடியாக வரிசை கட்டி நடாமல், ஏழெட்டுச் செடிகளை முக்கால் அடி இடைவெளியில் வட்டமாக நட்டு, முழங்கால் உயரம் வளர்ந்ததும் அடியில் மண் அணைத்துவிட்டால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். நாற்றங்கால் கடையில் சிறு பையில் வேர் சுற்றிக் கிடக்கும் வயதான நாற்றை மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். வேருக்கு இடம் கிடைக்காத கம்பு, இரண்டடி வளர்வதற்குள் அவசரமாகக் கதிர் விட்டுவிடும். பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றினாலும் அது மீண்டும் வளராது. இருபது நாளுக்கு மேற்படாத நாற்றே நடவுக்கு ஏற்றது. அதைவிட, விதையை நேரே பாத்தியில் ஊன்றுவது இன்னும் நல்லது.

கேள்வி: கம்புக் கதிர் சில செடிகளில் மணியே இல்லாமல், பச்சை இலைக்கொத்தாக மாறிவிட்டது. பார்க்கப் புதுமையாகவும் அழகாகவும் இருப்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். இது தனி ரகமா?
வாசகி, இலஞ்சி, தென்காசி

பதில்: ரகம் அல்ல, நோய்; இன்றே பிடுங்கி எரித்துவிடுங்கள். இதற்கு அடிச்சாம்பல் நோய் என்று பெயர். இளம் பருவத்தில் இலையில் வெளிறிய நீண்ட கோடுகளாகவும், அதிகாலையில் இலையின் அடிப்பக்கம் வெண்மையான பூசணமாகவும் தோன்றும். கதிர் வரும் காலத்தில் பூவின் பகுதிகள் இலைகளாகத் திரிந்து, தாங்கள் கண்ட பச்சைக் கதிராகிவிடும். நோயின் வித்துகள் காய்ந்த இலைச் சருகோடு மண்ணில் விழுந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், அந்தச் செடியை எருக்குழியிலும் போடக் கூடாது. அந்த இடத்தில் அடுத்த சில பருவங்களுக்குக் கம்பைத் தவிர்த்து, செவ்வந்தி, கேந்தி போன்ற வேறு குடும்பச் செடிகளை வையுங்கள்.

தென்காசிப் பக்கத்தில் சாரல் காலத்தில் கம்பு பூத்தால் இன்னொரு தொல்லையும் வரும். கதிரிலிருந்து தேன் போன்ற பிசுபிசுப்பான துளிகள் வடிந்து, பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த கட்டிகள் தோன்றினால் அது தேன் ஒழுகல் நோய். அந்தக் கட்டிகள் நச்சுடையவை. கோழிக்கோ மாட்டுக்கோ போட வேண்டாம். பூக்கும் பருவத்தில் வானம் மூடி ஈரக்காற்று வீசுவதே இதற்குக் காரணம் என்பதால், குற்றாலத்தைச் சுற்றியுள்ளவர்கள் கதிர் தையிலோ மாசியிலோ வெளிவரும்படி காலம் பார்த்து விதைப்பது மருந்தைவிட மேலானது.

கேள்வி: இருங்குச் சோளத்தையும் செஞ்சோளத்தையும் வேலி ஓரம் அழகுக்கு விதைத்திருக்கிறேன். உயரம் கூடிவிட்டதால் இடுப்பளவுக்கு வெட்டிவிட எண்ணம். வெட்டியதை ஆட்டுக்குப் போடலாமா?
வாசகர், மானூர்

பதில்: போட வேண்டாம். பூக்காத இளஞ்சோளத்தில் சயனைடை வெளிப்படுத்தும் பொருள் இருக்கிறது. ஆடு மாடுகள் அதை மென்று விழுங்கியதும் வயிற்றில் நஞ்சாகி, சில நிமிடங்களில் மூச்சுத் திணறி விழுந்துவிடும். மழையின்றி வாடி நிற்கும் செடியிலும், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் இளந்தளிரிலும் இது இன்னும் அதிகம். வாடிய சோளக்கொல்லையில் மாடு புகுந்து செத்த கதை தங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியாததன்று. கதிர் முற்றிய பிறகு அறுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த தட்டையை அஞ்சாமல் போடலாம். கம்பில் இந்த நஞ்சு உருவாவதில்லை.

மேலும், சோளத்தை இடுப்பளவுக்கு வெட்டினால் வெளிவர இருந்த கதிரையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். உயரம் ஒத்துவராவிட்டால் அடுத்த பருவத்தில் குட்டை ரகமாகப் பார்த்து விதைப்பதுதான் வழி.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கசிந்து எப்போதும் ஈரமாக இருக்கும் மூலை ஒன்று உள்ளது. அங்கே எந்தப் புல்லை வைக்கலாம்?
வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: நெற்பவளம் வையுங்கள். காட்டுக் குந்துமணி என்று சொல்வதும் இதைத்தான். மக்காச்சோளத்துக்கு உறவான புல். அகன்ற இலையோடு மூன்று முதல் ஐந்து அடி வரை வளர்ந்து, இலைக் கக்கத்திலிருந்து கொத்தாகக் காய்க்கும். பச்சையாகத் தொடங்கும் அந்தக் காய் முற்ற முற்றச் சாம்பல், வெண்மை, பழுப்பு என்று நிறம் மாறி, சீனக்களிமண் போல வழுவழுப்பாகும். ஒவ்வொரு மணியின் இரு முனையிலும் இயற்கையாகவே துளை உண்டு. உள்ளே பெண்பூ இருக்க, ஆண்பூக் கதிரின் காம்பு மேல் துளை வழியாக வெளியே வந்து ஆடிக்கொண்டிருக்கும். பூ முடிந்து காம்பு உதிர்ந்ததும் வழி திறந்துவிடுகிறது. உள்ளே மிஞ்சியிருக்கும் நாரை ஊசியால் தள்ளிவிட்டு நேரே நூல் கோக்கலாம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை இந்தச் செடிப்பக்கம் விட்டால் மாலையாகத் திரும்பும்.

ஓடு கடினமானது ஆகையால் விதையை ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவைத்து, ஓர் அங்குல ஆழத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்றவும். முளைக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும், பொறுமை வேண்டும். விதைத்து நாலைந்து மாதத்தில் மணி முற்றும். நம் வெப்பத்தில் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும் என்றாலும், இரண்டாம் துளிர்ப்பு மெலிந்தே வருவதால் ஆண்டுதோறும் புதிதாக விதைப்பதே நல்லது. சிவப்பும் கறுப்புமான குன்றிமணியை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கொடி, அதன் விதை கொடிய நஞ்சு.

கேள்வி: பத்தமடைப் பாய்க்கு எடுக்கும் கோரையையும் அந்த ஈர மூலைப் புல் வகையில் சேர்க்கலாமா?
வாசகர், பத்தமடை

பதில்: கோரை பார்வைக்குப் புல், குடும்பத்தால் வேறு, அதோடு பல ஆண்டு நிற்பது. ஆற்றங்கரையில் அது அழகுதான். வீட்டுப் பாத்தியில், அதன் உறவான கோரைக்கிழங்கு ஒன்று மண்ணோடு வந்துவிட்டாலே அதைத் தோண்டியெடுக்க நாள் முழுவதும் போதாது.

கேள்வி: எங்கள் பகுதி தேரி மணல். நாற்றங்கால் ஒன்றில் ‘ஃபவுண்டன் கிராஸ்’ என்ற புல்லைப் பச்சை, சிவப்பு என இரண்டு நிறத்தில் விற்கிறார்கள். ஓராண்டுச் செடி என்கிறார்கள். வாங்கலாமா? சாலையோரத்தில் ஊதா நிறக் கதிரோடு நிற்கும் மயில்கொண்டைப் புல்லையும் கொண்டுவந்து நடலாமா?
வாசகர், திசையன்விளை

பதில்: குளிர்நாடுகளின் தோட்டப் பட்டியலில் ஓராண்டுச் செடி என்று எழுதியிருப்பவற்றில் இரண்டு வகை உண்டு. விதை முற்றியதும் தானே மடிவது ஒரு வகை; பல ஆண்டு வாழக்கூடியதாயினும் அந்த ஊர் உறைபனியில் செத்துப்போவது மற்றொரு வகை. ஃபவுண்டன் கிராஸ் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. திசையன்விளையில் உறைபனி ஏது? நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

பச்சை வகையை வாங்க வேண்டாம் என்பதே எம் கருத்து. வடக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவின் வறள்நிலப் புல்லான அது ஹவாய்த் தீவுகளில் அழகுக்காகக் கொண்டுவந்து நடப்பட்டு, எரிமலைக் குழம்பு உறைந்த தரிசு முழுவதும் பரவி, அங்கே காட்டுத்தீ பெருகக் காரணமாகிவிட்டது. காற்றில் பறக்கும் அதன் விதைக்குத் தேரி போன்ற திறந்த செம்மணல், அதுவும் பெருங்காற்று வீசும் நிலம், அழைத்து இடம் கொடுப்பதற்குச் சமம். சிவப்பு வகை பெரும்பாலும் முளைக்கும் விதை கொடுப்பதில்லை; தூரைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். அதைத் தொட்டியிலோ பாத்தியிலோ வைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியில், தரையிலிருந்து அரை அடி விட்டு வெட்டினால் மழையோடு புதுத்தழை வரும். தேரி மணலில் நீர் தங்காது என்பதால், குழியில் ஒரு கூடை எருவும் தேங்காய் நார்க்கழிவும் போட்டு நடவும்.

மயில்கொண்டைப் புல் நம் சாலையோரத்தில் தானே முளைப்பது. விரல்களை விரித்தாற்போன்ற அந்த ஊதாக் கதிர்களைத் தோட்டத்தில் பார்க்க ஆசைப்படுவது நியாயமே. ஒரு நிபந்தனை: கதிர் வெளிறிப் பஞ்சு போலாகும் முன்பே அறுத்துவிட வேண்டும். தவறினால் பக்கத்து வீட்டுப் பாத்தியிலும் அது முளைக்கும். ஊசிப்புல்லை மட்டும் எக்காரணம் கொண்டும் நட வேண்டாம். அதன் விதை வால் ஈரத்தில் முறுக்கவிழ்ந்தும் வெயிலில் முறுக்கேறியும் திருகுவதால், விதை துணியிலும் ஆட்டின் தோலிலும் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும்.

கேள்வி: கதிர்களை வெட்டிக் காயவைத்துப் பூச்சாடியில் வைத்தால் சில வாரத்தில் மணி உதிர்ந்து தரை முழுவதும் குப்பையாகிறது, நிறமும் போய்விடுகிறது. அடுத்த பருவத்துக்கு விதையையும் இவற்றிலிருந்தே எடுக்கலாமா?
வாசகி, திருநெல்வேலி நகரம்

பதில்: சாடிக்கும் விதைக்கும் ஒரே கதிர் ஆகாது. சாடிக்கு வேண்டியதை மணி பால் பிடித்து, இன்னும் கெட்டியாகாத நிலையில் வெட்ட வேண்டும். முற்றிய கதிர்தான் உதிரும். சாமை, மயில்கொண்டைப் புல் போன்றவற்றைக் கதிர் முழுவதுமாக விரிவதற்கு முன்பே எடுத்துவிடலாம். பனி காய்ந்த பிறகு, காலை ஒன்பது, பத்து மணிக்கு, ஒன்றரை அடிக் காம்போடு வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, பத்துக் கதிரை ஒரு பிடியாக ரப்பர் வளையத்தால் கட்டவும். காம்பு காயும்போது சுருங்குவதால் நூல் தளர்ந்து கதிர் நழுவிவிடும். ரப்பர் கூடவே இறுகும். தலைகீழாக, வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையில் இரண்டு, மூன்று வாரம் தொங்கவிட்டால் நிறம் தங்கும். மொட்டை மாடியில் காயப்போட்டால் வெளுத்துத்தான் போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயவைப்பது கடினம், பூசணம் பிடிக்கும். சாடியில் சிறு வண்டு தென்பட்டால், கதிர்களை உறையிலிட்டு, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் மூன்று நாள் வைத்து எடுங்கள்.

விதைக்கென்று தினையிலும் சாமையிலும் நல்ல செடியாக நாலைந்தைத் தனியே குறித்து முழுவதுமாக முற்றவிடலாம். அவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. தாயைப் போலவே பிள்ளை வரும். கம்பு அப்படியன்று. ஒரே கதிரில் சூல்முடி முதலில் வெளிவந்து, மகரந்தம் சில நாள் கழித்தே வருவதால், காற்றில் வரும் வேறு செடியின் மகரந்தம் முந்திக்கொள்ளும்; சுற்றுப்புறத்தில் சாதாரணக் கம்பு பயிரிட்டிருந்தால் கலப்பு உறுதி. கருஞ்சிவப்புக் கம்பு வீரிய ஒட்டு ரகமானால், எவ்வளவு காவல் வைத்தாலும் அதன் விதையிலிருந்து பச்சையும் சிவப்புமாகக் கலந்தே செடிகள் வரும். ஒரே நிறம் வேண்டுமென்றால் விதையை ஒவ்வொரு பருவமும் வாங்கியாக வேண்டும். எடுத்த விதையை நிழலில் உலர்த்தி, சிறிது சாம்பலோடு மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு, ரகத்தின் பெயரையும் எடுத்த மாதத்தையும் மேலே எழுதி வையுங்கள்.